மேடையில் எழுந்த வீடு

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நடைபெற்ற நாடகத்தைக் கண்ட அன்பர்கள் பலர், அதன் காட்சியமைப்பைப் பற்றி இந்த இதழில் எழுதுமாறு எங்களைக் கேட்டு வந்தனர். மரச்சட்டமும் துணியும் சுண்ணாம்பும் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று முதலில் தயங்கினோம். பிறகு எண்ணிப் பார்க்கையில், அந்த வீட்டைக் கட்டிய பத்து வாரங்களில் நாங்கள் கற்றது தச்சு வேலையோடு நிற்கவில்லை என்பது விளங்கிற்று. மேலும், நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய பிழை ஒன்றும் உண்டு. அதனை முடிவில் கூறுவோம்.

நாடகத்தைப் பாராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். அது 1908ஆம் ஆண்டு தூத்துக்குடியில் நிகழ்வது. வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியில் மகன் எழுத்தராக இருக்கிறான். தந்தையோ வெள்ளையர் வணிக நிலையம் ஒன்றில் முப்பது ஆண்டு ஊழியம் செய்தவர். பிப்ரவரி 27இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்குகிறது. மார்ச்சு 12இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதாகின்றனர். இந்தப் பதினைந்து நாளில் ஒரு குடும்பம் எவ்வாறு இரண்டாகப் பிளக்கிறது என்பதே கதை. வ.உ.சி. மேடைக்கு வருவதே இல்லை. எல்லாம் ஒரே வீட்டின் திண்ணையிலும் கூடத்திலும் நிகழ்கின்றன. அவர் கப்பல் வாங்குவதற்காகப் புறப்பட்டு வந்தது அந்நாளைய பம்பாய்க்கே. ஆதலால், இந்நகரில் வாழும் நமக்கு அக்கதையில் ஓர் உரிமையும் உண்டு.

காட்சியமைப்புக் குழுவில் நாங்கள் அறுவர். வங்கி ஊழியர் ஒருவர், பொறியாளர் இருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், இல்லத்தரசி ஒருவர், ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவர் ஒருவர். எங்களுள் ஒருவரும் இக்கலையை முறையாகப் பயின்றவர் அல்லர்.

திரையா, வீடா?

எங்கள் திட்டத்தைக் கேட்டதும் பொருளாளர் ஒரு கேள்வி கேட்டார். "வீட்டைத் திரையில் எழுதித் தொங்கவிட்டால் போதாதா? இரண்டு மணி நேர நாடகத்துக்கு முப்பத்தெட்டாயிரம் ரூபாயா?"

நியாயமான கேள்விதான். எழுதிய திரைக்கும் இந்த மும்பைக்கும் பழைய உறவு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிருந்து ஊர் ஊராகச் சென்ற பார்சி நாடகக் குழுக்களே, அரண்மனையும் நந்தவனமும் தீட்டிய படுதாக்களைத் தமிழ் நாடக மேடைக்கும் பழக்கப்படுத்தின. அவ்வழியில் வளர்ந்த நம் நாடகக் கம்பெனிகள் பின்னாளில் மேடையில் பெரும் வியப்புகளையே நிகழ்த்திக் காட்டின. நவாப் ராஜமாணிக்கம், டி.கே.எஸ். சகோதரர்கள், ஆர்.எஸ். மனோகர் ஆகியோரின் காட்சிகளைக் கண்டவர்கள் இன்றும் அவற்றைப் பேசி மகிழ்வர். அம்மரபைக் குறைத்து மதிப்பிட எங்களுக்குத் தகுதி இல்லை.

ஆயினும் இந்த நாடகத்துக்குத் திரை போதாது. திண்ணை வெளியாருக்கு உரியது. செய்தியும் வம்பும் போலீசும் அங்கேதான் வரும். கூடம் தாய்க்கு உரியது. இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு. அந்தக் கதவு எப்போது திறக்கிறது, யார் திறக்கிறார் என்பதில்தான் கதையின் உயிரே இருக்கிறது. எழுதிய கதவைத் திறக்க முடியுமா? எழுதிய திண்ணையில் ஒரு முதியவர் சாய்ந்து உட்கார முடியுமா? இதைச் சொன்னதும் பொருளாளர் சிரித்துவிட்டுக் காசோலையில் கையெழுத்திட்டார்.

நினைவு என்னும் தச்சன்

முதல் கூட்டத்தில் ஒவ்வொருவரும் தம் ஊர் வீட்டை வரைந்து கொண்டு வருவது என்று முடிவு செய்தோம். ஆறு படங்கள் வந்தன. ஆறிலும் கூடத்துச் சுவரில் சிவகாசி நாட்காட்டி தொங்கிற்று. நான்கில் சிவப்புச் சிமெண்டுத் தரை. மூன்றில் வானொலிப் பெட்டி. ஒன்றில் குழல்விளக்குக்கூட இருந்தது! அனைவரும் "எங்கள் தாத்தா காலத்து வீடு" என்றே வரைந்திருந்தோம். உண்மையில் நாங்கள் வரைந்தவை, கோடை விடுமுறைக்கு ரயிலேறிச் சென்ற சிறுவர்கள் கண்ட வீடுகள். அவற்றின் வயது ஐம்பது. நாடகத்து வீட்டின் வயதோ நூற்றுக்கும் மேல்.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது பொதுவான மயக்கம் போலும். நாம் எந்த ஆண்டு வண்டி ஏறினோமோ அந்த ஆண்டிலேயே ஊர் நின்றுவிட்டது என்று நெஞ்சம் எண்ணிக்கொள்கிறது. அதற்கு முன்னும் அது அப்படியே இருந்தது என்றும் நம்பிவிடுகிறது. நினைவு அன்புடைய தச்சன்தான். அளவுகோல் மட்டும் அவனிடம் இல்லை.

மாஸ்கோ கலை அரங்கை 1898இல் தொடங்கிய ஸ்டானிஸ்லாவ்ஸ்கி, பண்டைய ரஷ்ய மன்னர் ஒருவரைப் பற்றிய நாடகத்துக்காகத் தம் குழுவினருடன் பழைய நகரங்களுக்கும் மடங்களுக்கும் சென்று, அக்காலத்துத் துணிகளையும் பொருள்களையும் நேரில் கண்டும் வாங்கியும் வந்தார். அவருக்கும் நினைவு போதவில்லை என்பதே எங்களுக்கு ஆறுதல். எங்களால் தூத்துக்குடி வரை செல்ல இயலவில்லை. நூல்களையும் பழைய நிழற்படங்களையும் பார்த்தோம். ஞாயிறுதோறும் சோர் பஜாரின் மட்டன் தெருவில் அலைந்தோம்.

வெளியேறியவையும் உள்ளே வந்தவையும்

முதலில் செய்த வேலை, பொருந்தாதவற்றை நீக்கியது. எவர்சில்வர்ச் செம்பு வெளியேறிற்று. துருப்பிடிக்காத எஃகு 1913ஆம் ஆண்டையொட்டியே உலகுக்கு அறிமுகம். சிவகாசி நாட்காட்டி சென்றது. சிவகாசியிலிருந்து இரு இளைஞர்கள் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்ததே 1920களின் தொடக்கத்தில்தான். அச்சுத் தொழில் அங்கே தழைத்தது அதற்கும் பின்பு. எனவே எங்கள் கதைத் தலைவன் பீடி பற்றவைக்கும் தீப்பெட்டி, சுவீடனிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்ததாக இருக்க வேண்டும். சுதேசியம் பேசுபவன் அந்நிய நாட்டுத் தீக்குச்சியைக் கிழிக்கிறான் என்பது தெரிந்ததும், நாடக ஆசிரியர் அந்த இடத்தில் தந்தைக்கு ஒரு வசனம் சேர்த்துவிட்டார். அரங்கில் மிகுந்த சிரிப்பை எழுப்பியது அதுவே.

கூடத்தில் காந்தியடிகளின் படம் வேண்டும் என்று அன்பர் ஒருவர் வற்புறுத்தினார். அடிகள் அப்போது தென்னாப்பிரிக்காவில் இருந்தார். இந்தியாவுக்கு நிலையாகத் திரும்பியது 1915இல். வ.உ.சி.யின் தலைவர் திலகர். ஆகவே மகனுடைய பெட்டிக்குள் திலகர் படம் ஒன்றை மறைத்து வைத்தோம். சுவரில் இலக்குமியின் வண்ணப்படம் ஒன்றை மாட்டினோம். ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து அத்தகைய படங்கள் அப்போதே நாடெங்கும் பரவியிருந்தன.

உள்ளே வந்தவை எளிய பொருள்களே. பித்தளைக் குடம், வெண்கலப் பானை, பனையோலைப் பெட்டி, நார்க்கட்டில், பத்தமடைப் பாய், அரிக்கேன் விளக்கு, வெறுமையான மண்ணெண்ணெய்த் தகரம். தகரத்தை அரிசி அளக்கும் இடத்தில் வைத்தவர் எங்கள் குழுவின் இல்லத்தரசி. "ஒரு தகரம் காலியானால் அதை எறிந்துவிடும் வீடா அது?" என்றார். ஒரு பொருள் மேடையில் இருந்தால் மட்டும் போதாது. அது யாருக்கு, எதற்குப் பயன்படுகிறது என்பதும் தெரிய வேண்டும் என்பதை அன்று கற்றோம்.

ஆச்சி எழுதிய பலகை

இரண்டாம் காட்சியில் மகன் திண்ணைச் சுவரில் ஒரு பலகையை மாட்டுகிறான். 'இவ்வீட்டில் அந்நியத் துணி வாங்குவதில்லை' என்பது அதன் வாசகம். எங்கள் பொறியாளர் ஒருவர் அதனைக் கணினியில் அழகாக அச்சிட்டுக் கொண்டு வந்தார். ஆசிரியை அதனைப் பார்த்ததும், "லை எங்கே?" என்று கேட்டார்.

இளைய வாசகர்களுக்கு இக்கேள்வி விளங்காது. இன்று நாம் எழுதும் ணை, லை, ளை, னை முதலிய எழுத்து வடிவங்களைப் பெரியார் தம் இதழில் 1935 முதலே கையாண்டார். தமிழ்நாட்டு அரசு அவற்றை ஏற்றது 1978இல். அதற்கு முன் இவ்வெழுத்துகளுக்கு யானைத் துதிக்கை போன்ற சுழி ஒன்று தலையில் இருந்தது. 1908இல் எழுதிய பலகையில் அச்சுழிதான் இருந்தாக வேண்டும்.

பொறியாளரின் தாயார் ஓராண்டுக்கு முன்பு திருநெல்வேலிச் சீமையிலிருந்து மகன் வீட்டுக்கு வந்தவர். பதினான்காம் மாடியில் பகலெல்லாம் தனியே இருப்பவர். சங்கத்துக்கு ஒரு முறையும் வந்ததில்லை. அவரிடம் தூரிகையைக் கொடுத்தோம். "இதற்கா என்னை அழைத்து வந்தீர்கள்?" என்று சிரித்தபடியே, ஒரே மூச்சில் பலகையை எழுதி முடித்தார். அருகில் நின்ற சிறுவர்கள், "ஆச்சி, எனக்கும் அந்த யானை எழுத்து!" என்று தாள்களை நீட்டினர். அதன் பின் ஒத்திகை நாட்களில் ஆச்சி தவறாமல் வரலானார். பார்வையாளருள் எத்தனை பேர் அந்த ஓர் எழுத்தைக் கவனித்தனரோ அறியோம். கவனித்தவர் ஒருவர்கூட இல்லை என்றாலும், அந்த எழுத்தால் விளைந்த நன்மை குறையாது.

கட்டிய விதம்

எங்களுக்குக் கிடைத்த மேடையின் வாய் 32 அடி அகலம். ஆழம் 20 அடி. விழா நாளன்று காலை எட்டு மணிக்கு அரங்கம் எங்கள் கைக்கு வரும். மாலை ஆறரை மணிக்கு நாடகம். ஆகவே வீடு முழுவதும் துண்டு துண்டாகப் பிரிந்து ஒரே டெம்போவில் ஏற வேண்டும்.

சுவர்கள் பத்தடி உயர மரச்சட்டங்கள். அவற்றின் மேல் கெட்டித் துணியை இழுத்துக் கட்டி, பசை கலந்த வண்ணம் பூசினோம். முதல் ஒத்திகையில் மகன் கோபத்துடன் கதவைச் சாத்தவே, வீட்டுச் சுவர் முழுவதும் காற்றில் பட்ட பாய்மரம் போல் ஆடிற்று. கதவு இருந்த பகுதியைத் துணியின்றி மரப்பலகையாலேயே செய்து, பின்னால் முட்டுக் கொடுத்த பிறகுதான் அமைதி கிடைத்தது.

அடுத்த தொல்லை வெண்மை. சுண்ணாம்பு அடித்த சுவர் என்று தூய வெள்ளை பூசினோம். மேடை விளக்கின் கீழ் அது கண்ணைக் கூசச் செய்தது. நடிகரின் முகங்கள் கறுத்துத் தெரிந்தன. பழுப்பும் சிறிது சாம்பலும் கலந்து மீண்டும் பூசியபோது, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அதுவே பழைய சுண்ணாம்புச் சுவராயிற்று. மேடையில் உண்மையாகத் தோன்றுவதற்கு உண்மையான வெள்ளை உதவவில்லை.

பிறகு வீட்டை முதுமைப்படுத்தினோம். விளக்கு மாடத்தின் மேல் கரும்புகையின் நாக்கைத் தீட்டினோம். வாயிலிலிருந்து அடுக்களை வரை, நடந்து நடந்து தேய்ந்த தடத்தைத் தரையில் வெளிறக் காட்டினோம். திண்ணைத் தூணில், உட்கார்ந்த மனிதனின் தலை படும் உயரத்தில், எண்ணெய்க் கறை ஒன்றை ஏற்றினோம். முப்பது ஆண்டு அங்கே சாய்ந்தவர் தந்தை. கடைசிக் காட்சியில் மகன் அதே தூணில் வந்து சாய்கிறான். வேறு வசனம் அங்கே தேவைப்படவில்லை.

நடிகர்களுக்கும் இந்த வீடு ஆசிரியராயிற்று. கடைசி மகனாக நடித்தவன் இங்கேயே பிறந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன். முதலில் திண்ணையில் பேருந்து இருக்கையில் அமர்வது போல் விறைப்பாக அமர்ந்தான். மூன்றாம் நாள் காலைத் தொங்கவிட்டு ஆட்டலானான்; ஐந்தாம் நாள் அங்கேயே படுத்து உறங்கிவிட்டான். தாழ்வான நிலைவாசலில் இரு முறை தலை இடித்துக்கொண்ட பின், தந்தையாக நடித்தவர் குனிந்து நுழையக் கற்றார். அந்தக் குனிவோடு அவருடைய குரலும் அடங்கிற்று. 1908ஆம் ஆண்டு மனிதர் ஒருவர் அன்றுதான் எங்கள் முன் வந்து நின்றார்.

விளக்குத் தகராறு

வீடுகளில் மின்சாரம் இல்லாத காலம் அது. இரவுக் காட்சி அரிக்கேன் விளக்கின் ஒளியிலேயே நடப்பதாகத் தோன்ற வேண்டும். அரங்கத்தார் தீயை அனுமதிப்பதில்லை. ஆகவே விளக்கினுள் மின்கலத்தில் எரியும் சிறு பல்பைப் பொருத்தி, அது இருக்கும் திசையிலேயே பக்கத் திரைக்குப் பின்னிருந்து மஞ்சள் ஒளியைத் தாழ்வாகப் பாய்ச்சினோம். பின்வரிசையில் இருப்போர்க்கு முகம் தெரியவில்லை என்ற குறை இருந்தது.

அப்போதுதான் அண்ணாச்சி ஒருவர் தம் விளக்குடன் வந்தார். எண்பதை நெருங்கியவர், தூத்துக்குடியில் பிறந்தவர், தாராவியில் ஐம்பது ஆண்டு வாழ்ந்தவர். அவர் கொணர்ந்தது பெட்ரோமாக்ஸ் விளக்கு. ஊர் வீட்டை விற்றபோது அவர் கேட்டு எடுத்து வந்த ஒரே பொருள் அது. "இதை வையுங்கள், மேடையே பளிச்சென்று இருக்கும். எங்கள் தாத்தா வீட்டு விளக்கு" என்றார்.

பெட்ரோமாக்ஸ் ஜெர்மனியில் பெர்லின் நகரில் 1910ஆம் ஆண்டையொட்டி உருவானது. நாடகமோ 1908. இதைச் சொன்னோம்.

"இரண்டு வருஷத்துக்காகவா என் விளக்கை வேண்டாம் என்கிறீர்கள்?"

"இரண்டு ஆண்டை விட்டுவிட்டால், அண்ணாச்சி, பிறகு இருபது ஆண்டும் நுழைந்துவிடும்" என்றோம்.

அவர் மறுமொழி கூறவில்லை. விளக்கைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்து சென்றார். அதன் பிறகு ஒத்திகைக்கு வரவில்லை. நாங்கள் சொன்னது உண்மைதான். சொன்ன முறைதான் நெஞ்சில் முள்ளாகத் தங்கிற்று. அவர் வீட்டுக்குச் சென்று அழைப்பிதழ் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்.

தாழ்ப்பாள்

விழா நன்கு நடந்தது. திரை விலகியதும் பேச்சு வசனம் தொடங்குமுன் எழுந்த கைதட்டல், எங்கள் அறுவருக்கும் உரியது என்று சிறிது செருக்கும் கொண்டோம். கைதான செய்தி வரும் இரவில் வெளியே கதவு தட்டப்படுகிறது. தாய் எழுந்து தாழ்ப்பாளை விலக்குகிறாள். அரங்கம் மூச்சடங்கி இருந்தது.

நாடகம் முடிந்து கூட்டம் கலைந்த பின், அண்ணாச்சி மெல்ல மேடையேறினார். சுவரைத் தடவினார். தூணின் எண்ணெய்க் கறையைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு கதவருகே நின்று, "இது எங்கே வாங்கியது?" என்று கேட்டார்.

எஃகுத் தாழ்ப்பாள். தெருமுனை இரும்புக் கடையில் வாங்கிக் கறுப்பு வண்ணம் அடித்தது. பத்து வாரம் நாங்கள் எவரும் அதனை ஒரு பொருளாகவே எண்ணவில்லை!

"எங்கள் வீட்டுக் கதவில் நாதாங்கியும் சங்கிலியும் இருக்கும்" என்றார் அவர். "அப்பா துறைமுகத்தில் வேலை முடிந்து நடுச்சாமத்தில் வருவார். அம்மா சங்கிலியை எடுத்து விடுவாள். அது கதவில் மோதி ஓசை எழும்பும். அந்த ஓசை கேட்டால்தான் எங்களுக்கு உறக்கம் வரும். உங்கள் நாடகத்தில் அந்த அம்மாள் கதவைத் திறந்தபோது அந்த ஓசைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை."

அவர் குரலில் பழிவாங்கும் நோக்கம் சிறிதும் இல்லை. இரண்டு ஆண்டுக்காக அவரைத் திருப்பி அனுப்பிய நாங்கள், எங்கள் பங்குக்குப் பல பத்தாண்டு பிந்திய பொருளை வீட்டின் நடுவாயிலிலேயே பொருத்தியிருந்தோம். அவர் விளக்கை நாங்கள் ஏற்காதது சரியே. ஆனால் விளக்கோடு வந்த மனிதரிடம், "அமருங்கள் அண்ணாச்சி, வேறு என்னென்ன இருந்தன?" என்று ஒரு சொல் கேட்டிருந்தால், அந்தச் சங்கிலி முதல் வாரத்திலேயே எங்களுக்குக் கிடைத்திருக்கும். நினைவுக்கு அளவுகோல் இல்லை என்று கண்டோம். அளவுகோலுக்குச் செவி இல்லை என்பதைக் காணத் தவறினோம்.

இரண்டு மாதம் கழித்து மாணவர்களுக்காக நாடகம் மீண்டும் நடந்தது. அதற்கு முந்திய ஞாயிறு அண்ணாச்சி எங்களுடன் மட்டன் தெருவுக்கு வந்தார். ஏழெட்டுச் சங்கிலிகளைக் கையில் எடுத்து, ஒவ்வொன்றையும் பலகையில் விட்டு ஓசை கேட்டு, ஒன்றைத் தேர்ந்தார். அன்று மேடையில் தாய் சங்கிலியை விடுவித்தபோது எழுந்த ஓசை கடைசி வரிசை வரை கேட்டது. மாணவர்களுக்கு அது ஒரு கதவின் ஓசை. முன்வரிசையில் இருந்த அண்ணாச்சி கண்களை மூடிக்கொண்டிருந்தார்.

அடுத்த நாடகத்துக்கான வேலை இப்போது தொடங்கியிருக்கிறது. 1930களில் தஞ்சை மாவட்டச் சிற்றூர் ஒன்றில் நிகழும் கதை அது. அன்பர்களே, உங்கள் இல்லத்தில் உள்ள முதியோரை ஒரு மாலை எங்களுடன் பேச அனுப்பி வையுங்கள். பொருள் கொண்டுவர வேண்டியதில்லை. கதவு எப்படித் திறந்தது, கிணற்று உருளை எப்படி ஒலித்தது என்று சொன்னால் போதும். அண்ணாச்சியின் பெட்ரோமாக்ஸ் விளக்கையும் இம்முறை கேட்டிருக்கிறோம். இக்கதைக்கு அதன் ஆண்டு பொருந்துகிறது.